பெங்களூர் போய் ஐ.டி.ஐ. டீம் பார்த்த கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பையன்கள் பந்து விளையாடும் மைதானத்தில், சுற்றுச்சுவர் ஓரமாக நாலு பேர் உட்கார்ந்திருப்போம். நாலு பேருக்கும் அறுபது தாண்டிவிட்டது. எனக்குப் பழையபேட்டை. மற்ற மூவரையும் ஊர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே பழக்கமாகிவிட்டது: காவேரிப்பட்டணம், ஓசூர், தர்மபுரி. பெங்களூரில் ஆளுக்கொரு மாமனோ சித்தப்பனோ இருந்த புண்ணியத்தில், எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அங்கே போய் ஐ.டி.ஐ. டீம் ஆடுவதைப் பார்த்தவர்கள் நாங்கள். இடைவேளையில் தண்ணீர் குடிக்க வரும் பையன்கள் வாராவாரம் அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். நாலு பேரும் ஒரே நேரத்தில் பதில் சொல்வதால் அவர்களுக்கு ஒன்றும் விளங்குவதில்லை. ஆகவே நான் ஒருவன் எழுதிவைக்கிறேன். மற்ற மூவருக்கும் இதில் பாதி பதில்களில் சம்மதம் கிடையாது.

ஐ.டி.ஐ. என்றால் ஃபிட்டர், வெல்டர் படிக்கிற இடம்தானே? அதற்கு ஏது ஃபுட்பால் டீம்?

இது வேற ஐ.டி.ஐ. இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ். பெங்களூரில் பழைய மெட்ராஸ் ரோட்டில், கே.ஆர்.புரம் பக்கம், தூரவாணிநகர் என்று ஒரு ஊரே அந்தத் தொழிற்சாலைக்காக எழும்பியது. 1948இல் தொடங்கியது. சுதந்திரம் வந்த பிறகு அரசாங்கம் ஆரம்பித்த முதல் பொதுத்துறை நிறுவனம் அதுதான். எண் துளையில் விரலை விட்டுச் சுழற்றும் கனமான கறுப்பு போனைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அதைச் செய்தவர்கள்.

இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. நான் பத்தாவது படிக்கும்போது எப்போது பார்த்தாலும் ஐ.டி.ஐ., ஐ.டி.ஐ. என்றே பேசிக்கொண்டிருந்தேன். பையனுக்குத் தொழில் படிக்க ஆசை வந்துவிட்டது என்று அம்மா சந்தோஷப்பட்டு, யாரையோ பிடித்து ஃபிட்டர் பிரிவுக்கு விண்ணப்பம் வாங்கி வந்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் அந்தத் தாளில் கடலை மடித்துக் கொடுத்தார்.

தமிழ்நாட்டுக்காரர்கள் நீங்கள். மெட்ராஸ் டீமை விட்டுவிட்டு பெங்களூர் டீம் எப்படி உங்கள் டீம் ஆனது?

முதலில் தூரத்தைப் பாருங்கள். இங்கிருந்து மெட்ராஸ் 250 கிலோமீட்டருக்கு மேல். பெங்களூர் 90 கிலோமீட்டர். ஓசூரிலிருந்து 40தான். கல்யாணப் புடவைக்கும் கண் ஆபரேஷனுக்கும் வேலை தேடவும் எங்கள் பக்கத்து ஜனம் பெங்களூர் பஸ்தான் ஏறும். இங்கே விளையும் கிளிமூக்கு மாங்காய்க்கே நாங்கள் வைத்திருக்கும் பெயர் பெங்களூரா. அப்புறம் டீம் மட்டும் எங்கிருந்து வரும்?

அடுத்தது வேலை. தொலைபேசித் தொழிற்சாலை, விமானத் தொழிற்சாலை, பி.இ.எம்.எல்., என்.ஜி.இ.எஃப். என்று பெங்களூரில் வரிசையாகப் பொதுத்துறைக் கம்பெனிகள். தர்மபுரி மாவட்டத்திலிருந்து (அப்போது கிருஷ்ணகிரியும் ஓசூரும் அதற்குள்தான் இருந்தன, தனி மாவட்டம் ஆனது 2004இல்) அவற்றில் சேர்ந்தவர்கள் நிறைய. என் அம்மாவின் தம்பி ஐ.டி.ஐ.யில் வேலைக்குப் போனார். லீவுக்கு வரும்போது பன் பாக்கெட்டும் ஃபுட்பால் கதையும் கொண்டுவருவார். பன் அன்றைக்கே தீர்ந்துவிடும்.

மூன்றாவது காரணத்தை மெட்ராஸ்காரர்கள் எதிரில் சொல்ல மாட்டோம். மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபியை மெட்ராஸும் சரி, பின்னால் வந்த தமிழ்நாடும் சரி, ஒருமுறைகூட வென்றதில்லை. பெங்களூர் ஆட்டக்காரர்கள் நிறைந்த மைசூர் அணி (இன்றைய கர்நாடகம்) 1946, 1952, 1967, 1968 என்று நாலு தடவை வென்றது. ஜெயிக்கிற பக்கம் 90 கிலோமீட்டரில் இருக்கும்போது தோற்கிற பக்கத்துக்கு 250 கிலோமீட்டர் யார் போவார்?

பழையபேட்டையில் உருது பேசும் பெரியவர்களுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. பெங்களூர் முஸ்லிம்ஸ் என்ற கிளப் 1937, 1938 இரண்டு ஆண்டும் பம்பாய் போய் ரோவர்ஸ் கோப்பையைத் தூக்கி வந்தது. அதுவரை வெள்ளைக்காரப் பட்டாளத்து டீம்களே அள்ளிக்கொண்டிருந்த கோப்பை அது. எங்கள் தெருவில் ஒரு தையல்காரப் பெரியவர் இதை நேற்று நடந்ததுபோலச் சொல்வார். அவர் பம்பாயைப் பார்த்ததே இல்லை.

ஆட்டம் பார்க்க எப்படிப் போவீர்கள்?

பஸ். கிருஷ்ணகிரிக்கு ரயில் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில் திருப்பத்தூரிலிருந்து ஒரு பாதை இருந்தது, அதையும் யுத்த காலத்தில் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். தர்மபுரிக்காரருக்கு மட்டும் ரயில் பாக்கியம் உண்டு. ஆனால் அதில் வந்தால் ஆட்டம் முடிந்துதான் சேர முடியும் என்று அவரே பஸ்ஸில் வந்துவிடுவார்.

காலையில் களியைத் தின்றுவிட்டு ஏறினால் சூளகிரி, ஓசூர், அத்திப்பள்ளி, சந்தாபுரம் என்று நின்று நின்று, மதியம் மடிவாளா. அங்கிருந்து சிட்டி பஸ். அசோக்நகரில் ஃபுட்பால் ஸ்டேடியத்தின் கேட்டில் மாமா காத்திருப்பார். மாம்பழ சீசனாக இருந்தால் என் தோளில் ஒரு பை இருக்கும், அதை அத்தைக்கு என்று கொடுத்து அனுப்புவார்கள். ஒருநாள் ஐ.டி.ஐ. மூன்று கோல் போட்டதில் பை முழுக்க கேலரியிலேயே தீர்ந்துவிட்டது. அத்தைக்குக் கொட்டைகூடப் போய்ச் சேரவில்லை. அதற்குப் பிறகு ஐ.டி.ஐ. எத்தனை கோல் போட்டாலும் அத்தைக்குப் பிடிக்காமல் போனது.

டிக்கெட் என்ன விலை என்று கேட்காதீர்கள். எடுத்தது மாமா.

அந்த கேலரி எப்படி இருக்கும்?

எங்களுக்கு அதுதான் ஆச்சரியம். கர்நாடகத்தின் தலைநகரில், கேலரி முழுக்கத் தமிழ். ஆஸ்டின் டவுன், மர்ஃபி டவுன், அல்சூர், கௌதமபுரம் எல்லாம் கண்டோன்மென்ட் பகுதிகள். வெள்ளைக்காரப் பட்டாளம் அங்கே முகாம் போட்டபோது கூடவே வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தெருக்கள். கௌதமபுரத்துச் சந்துகளில் பிள்ளை நடக்கத் தொடங்குமுன் பந்தை உதைக்கத் தொடங்கிவிடும் என்பார் மாமா. அந்தத் தெருக்காரர்களும் சிவாஜிநகர் உருதுக்காரர்களும் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பார்கள். தமிழில் ஆரம்பிக்கும் திட்டு உருதில் போய் முடியும். நடுவில் கன்னடத்தில் ஒருவர் சமாதானம் சொல்வார். வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், தெருவில் உருது என்று வளர்ந்த கிருஷ்ணகிரிக்காரனுக்கு அது சொந்த ஊர்போலவே இருந்தது.

அல்சூர் பட்டாளத்து டீமான எம்.இ.ஜி. ஆடினால் கேலரியில் ஒரு பகுதி முழுக்கக் கிராப்புத் தலையாக இருக்கும். மெட்ராஸ் சாப்பர்ஸ். அவர்களுக்குப் பட்டாளத்திலேயே தம்பிகள் என்றுதான் பெயர். எங்கள் பக்கத்தில் அந்தப் படைக்குப் போன குடும்பங்கள் உண்டு. ஆகவே ஐ.டி.ஐ.யும் எம்.இ.ஜி.யும் மோதினால் தர்மபுரிக்காரர் வாயைத் திறக்கவே மாட்டார். அவருடைய அண்ணன் பட்டாளம், சித்தப்பா தொழிற்சாலை.

ஆட்டக்காரர்கள் உண்மையிலேயே போன் செய்தார்களா, சும்மா பேருக்கு வேலையா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் நீட்டிப் பதில் சொல்ல விரும்புகிறேன். அந்த டீமின் உயிர் இதில்தான் இருந்தது.

அந்தக் காலத்தில் கல்கத்தாவைத் தவிர்த்துப் பார்த்தால், நாட்டில் பெயர் சொல்லும் டீம்கள் பெரும்பாலும் ஏதாவது ஒரு முதலாளியின் அல்லது சர்க்காரின் கூரைக்குக் கீழ்தான் இருந்தன. மெட்ராஸில் ஐ.சி.எஃப். என்ற ரயில்பெட்டித் தொழிற்சாலை, பிறகு இந்தியன் வங்கி. கேரளத்தில் பிரீமியர் டயர்ஸ், டைட்டானியம். பம்பாயில் மஃபத்லால் மில். பஞ்சாபில் ஜே.சி.டி. மில்லும் எல்லைப் பாதுகாப்புப் படையும். பந்து உதைத்து மாதச் சம்பளம் வாங்க முடியாத காலம். கால் நன்றாக ஓடும் பையனைத் தொழிற்சாலை வேலைக்கு எடுத்துக்கொள்ளும். அவனுக்கு நிரந்தர வேலை, குவார்ட்டர்ஸ், அம்மாவுக்கு ஆஸ்பத்திரி வசதி. தொழிற்சாலைக்குக் கோப்பை, பேப்பரில் பெயர்.

வேலை சும்மா பேருக்கு இல்லை, முழு வேலையும் இல்லை. காலையில் கார்டு பஞ்ச் பண்ணவேண்டும். மதியத்துக்கு மேல் பயிற்சிக்கு விட்டுவிடுவார்கள். டோர்னமென்ட் வந்தால் வாரக்கணக்கில் ஆளைக் காண முடியாது. அவர்களுடைய பங்கு வேலையைப் பக்கத்தில் நிற்பவன் செய்யவேண்டும். அப்படிப் பக்கத்தில் நின்றவர்களில் என் மாமாவும் ஒருவர். ஆகவே ஒரு ஃபார்வர்டு காலியான கோலை விட்டுவிட்டு வெளியே அடித்தால், மாமாவுக்கு வரும் கோபம் ரசிகனின் கோபம் மட்டும் இல்லை. "உனக்காக நான் ரெண்டு ஷிப்ட் அள்ளினேன்டா!" என்று எழுந்து நின்று கத்துவார். அவனும் அதைக் கேட்பான். மறுநாள் கேன்டீனில் தலையைக் குனிந்துகொண்டு தட்டோடு வேறு மேசைக்குப் போய்விடுவான்.

ஒருமுறை மாமாவோடு அந்த கேன்டீன் வாசல்வரைக்கும் போனேன். முந்தின நாள் நான் தொண்டை கிழியக் கத்தி உற்சாகப்படுத்திய ஃபுல் பேக், காக்கிச் சட்டையில், சாம்பார் வாளி வரட்டும் என்று வரிசையில் நின்றிருந்தார். பதினைந்து வயதுப் பையனுக்கு அது ஏமாற்றமாக இருந்திருக்கவேண்டும். எனக்கு அப்படி இல்லை. இவர் நம்ம ஆள் என்று பட்டது. இன்றைக்கு உங்கள் போனில் இருக்கும் ஆட்டக்காரர் உங்களுக்கு முன்னால் சாம்பாருக்கு நிற்பாரா?

முழங்கால் போன பிறகும் அவர்கள் அங்கேயே இருந்தார்கள். ஓய்வு வயதுவரை அதே மெஷின், அதே ஸ்டோர். போன வருஷம் கோல் போட்டவர் இந்த வருஷம் ஸ்பேனர் எண்ணிக் கொடுப்பார். ஏறி இறங்கிய ஆட்டக்காரரைத் தெருவில் விடாத ஏற்பாடு அது. அதில் சோம்பேறித்தனமும் வளர்ந்தது என்று ஓசூர்க்காரர் சொல்வார். வேலை நிரந்தரம் ஆனதும் சிலருக்கு வேகம் குறைந்தது உண்மைதான்.

1977 என்று அடிக்கடி சொல்கிறீர்களே, அப்போது என்ன நடந்தது?

நாட்டின் பெரிய கிளப்புகள் எல்லாம் மோதட்டும் என்று ஃபெடரேஷன் கோப்பை என்ற போட்டியை அந்த ஆண்டு முதல்முறையாக எர்ணாகுளத்தில் நடத்தினார்கள். இறுதி ஆட்டத்தில் ஒரு பக்கம் கல்கத்தாவின் மோகன் பகான். மறுபக்கம் எங்கள் தொலைபேசித் தொழிற்சாலை. ஐ.டி.ஐ. 1-0 என்று ஜெயித்தது.

மோகன் பகான் அப்போது எவ்வளவு பெரிய டீம் என்பதற்கு இரண்டு விஷயம் சொன்னால் போதும். அதே ஆண்டில் அவர்கள் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு, டூரண்ட், ரோவர்ஸ் மூன்றையும் வென்றார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் பெலே நியூயார்க் காஸ்மாஸ் அணியோடு கல்கத்தா ஈடன் கார்டனுக்கு வந்தபோது 2-2 என்று சமன் செய்தார்கள். ஆக, பெலே இருந்த டீமால் தோற்கடிக்க முடியாத டீமை நாங்கள் தோற்கடித்தோம். கணக்கு இப்படிப் போட்டால், ஐ.டி.ஐ. பெலேவைவிட ஒரு கோல் உசத்தி. இதில் உள்ள ஓட்டையை எல்லாரும் எனக்கு விளக்கிவிட்டார்கள். நீங்கள் சிரமப்படவேண்டாம்.

அந்த இறுதி ஆட்டத்தை நேரில் பார்த்தீர்களா?

இல்லை. எர்ணாகுளம் எங்கே, கிருஷ்ணகிரி எங்கே. காவேரிப்பட்டணத்துக்காரர் மட்டும் தான் போயிருந்ததாக ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அந்த வருஷம் அம்மை போட்டு வீட்டோடு கிடந்தார் என்பது அவருடைய அக்கா வாயிலிருந்தே வெளியே வந்துவிட்டது.

எனக்குச் செய்தி வந்த விதம் மட்டும் மறக்காது. அப்பா புளி மண்டி ஒன்றில் கணக்கு எழுதினார். தெருவில் போன் இருந்த ஒரே இடம் அந்த மண்டிதான். மாமா தூரவாணிநகரிலிருந்து டிரங்க் கால் (எக்ஸ்சேஞ்ச் வழியாக வெளியூருக்குப் பேசும் அழைப்பு) போட்டு, பி.பி. கால், அதாவது இன்னாரையே கூப்பிட்டுத் தரவேண்டும் என்று, அப்பா பெயரைச் சொல்லியிருக்கிறார். டிரங்க் கால் வந்தால் யாரோ போய்விட்டார்கள் என்றுதான் அர்த்தம். அப்பா கை நடுங்கப் போனை எடுத்தார். "மச்சான், நம்ம டீம் ஜெயிச்சிடுச்சு" என்றார் மாமா. அப்பா திட்டிய திட்டில் முதல் மூன்று நிமிஷக் கட்டணம் தீர்ந்துபோனது. வீட்டுக்கு வந்து எனக்குச் சொல்லும்போது மட்டும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அந்த மண்டி போனும் ஐ.டி.ஐ. செய்ததுதான். எங்கள் டீம் செய்த போனிலேயே எங்கள் டீம் ஜெயித்த சேதி வந்தது.

பெங்களூர்த் தமிழர்களில் பெரிய ஆட்டக்காரர்கள் யாராவது உண்டா?

உங்கள் பாடப் புத்தகத்தில் இருந்திருக்கவேண்டிய பெயர்கள் இவை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியா பிரான்சோடு ஆடியது. ஜூலை 31. நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலில் ஆடினார்கள். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலை அன்றைக்குப் போட்டவர் பெங்களூரைச் சேர்ந்த சாரங்கபாணி ராமன். இரண்டு பெனால்டியைத் தவறவிட்டு, கடைசி நேரத்தில் ஒரு கோல் வாங்கி 2-1 என்று தோற்றோம். அந்த இரண்டு பெனால்டியைப் பற்றிப் பிறக்காத காலத்துக்கும் சேர்த்து நாங்கள் வருத்தப்பட்டிருக்கிறோம்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் கல்கத்தா ஈஸ்ட் பெங்கால் டீமின் ஐந்து ஃபார்வர்டுகளைப் பஞ்ச பாண்டவர்கள் என்பார்கள். அவர்களில் தன்ராஜ், அகமது கான், வெங்கடேஷ் பெங்களூர்ப் பக்கத்திலிருந்து போனவர்கள். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் வாங்கிய அணியில் அருமைநாயகம் இருந்தார். மோகன் பகானுக்காகப் பக்கவாட்டில் அவர் ஓடிய ஓட்டத்துக்குக் கல்கத்தாக்காரர்கள் வைத்த பெயர் பேபி டாக்ஸி. பூங்கம் கண்ணனை ஆசியாவின் பெலே என்றார்கள். கல்கத்தாவின் இரண்டு பெரிய கிளப்புகளிலும் ஆடியவர். 2019இல் கல்கத்தாவிலேயே காலமானார்.

என் பேரனிடம் இந்த ஆறு பெயரையும் சொன்னேன். "தாத்தா, இவங்க எல்லாம் கேம்ல வருவாங்களா?" என்று கேட்டான். வரமாட்டார்கள்.

"மழை கோல்" என்று நாலு பேரும் சண்டை போடுகிறீர்களே, அது என்ன?

எண்பதுகளில் ஒரு லீக் ஆட்டம். எதிரணி எது? எம்.இ.ஜி. என்கிறார் காவேரிப்பட்டணம். ராடார் ஆராய்ச்சிக்கூடத்து டீமான எல்.ஆர்.டி.இ. என்கிறார் ஓசூர். விமானத் தொழிற்சாலை டீம் என்பது என் நினைவு. தர்மபுரிக்கு எதிரணி நினைவில்லை, தன் செருப்பு தொலைந்ததுதான் நினைவிருக்கிறது. மழை பெய்தது என்பதில் மட்டும் நாலு பேருக்கும் ஒரே கருத்து.

நடந்தது இது. புல் பாதி, சேறு பாதி. தோல் பந்து மழையில் ஊறி இளநீர்க் காய் கனம். எங்கள் ஹாஃப் (நடுக்கள ஆட்டக்காரர்) ஒருவர் பாக்ஸுக்கு வெளியிலிருந்து உதைத்தார். கோலி சரியான பக்கம்தான் பாய்ந்தார். ஆனால் பந்து கோல் கோட்டுக்கு நாலடி முன்னால் தேங்கிய தண்ணீரில் விழுந்து அப்படியே நின்றுவிட்டது. பாய்ந்த கோலி பந்தைத் தாண்டிச் சறுக்கிப் போஸ்டில் போய் முட்டினார். எங்கள் சென்டர் ஃபார்வர்டு ஓடிவந்து, கால் நுனியால் தள்ளினார். கோல்.

சண்டை எங்கே என்றால், அந்த ஹாஃப் உதைத்த கணத்தில் சென்டர் ஃபார்வர்டு எங்கே நின்றார் என்பதில். எதிரணி பேக்கோடு ஒரே கோட்டில் நின்றார், ஆகவே ஆஃப்சைடு (சகா பந்தை உதைக்கும் கணத்தில் விதி அனுமதிப்பதைவிட எதிரணிக் கோலுக்கு அருகில் நிற்பது) என்கிறார் காவேரிப்பட்டணம். இதைக் கேட்டதும் பையன்கள் சிரித்தார்கள். "ஒரே கோட்டுல நின்னா ஆன்சைடு, தாத்தா!" இன்றைய விதிப்படி அவர்கள் சொல்வது சரி. ஆனால் ஒரே கோட்டில் நின்றால் ஆஃப்சைடு இல்லை என்று விதியை மாற்றியது 1990இல்தான். அதற்கு முன்னால் அது ஆஃப்சைடுதான். காவேரிப்பட்டணத்துக்காரர் எர்ணாகுளம் விஷயத்தில் சொன்னது பொய், சட்ட விஷயத்தில் சொன்னது சரி.

ஒரே கோட்டில் நின்றாரா என்பதுதான் மிச்சம். பேக்கின் பின்னங்கால் ஒரு முழம் உள்ளே இருந்தது என்பது என் வாதம். எனக்கு முன்னால் குடை பிடித்தபடி ஒரு பெரிய மனிதர் உட்கார்ந்திருந்தார் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கால ஆட்டம் இப்போதையதைவிட நன்றாக இருந்ததா?

இல்லை. இதைச் சொன்னதற்காக மற்ற மூவரும் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. ஒரு கோல் முன்னால் இருக்கும் டீம் என்ன செய்யும் தெரியுமா? பேக் பந்தைக் கோலிக்குத் தட்டுவார். கோலி கையில் எடுத்து, தரையில் தட்டி, திரும்ப பேக்குக்கே உருட்டுவார். அவர் மறுபடி கோலிக்கு. இப்படியே நேரம் போகும், கேலரியில் கடலைத் தோல் மலையாகும். சகா காலால் தட்டிய பந்தைக் கோலி கையால் தொடக்கூடாது என்ற விதி 1992இல்தான் வந்தது. தரையும் மோசம். இன்றைக்கு உங்கள் பதினைந்து வயதுப் பையன் பந்தைக் காலில் நிறுத்துகிற சுத்தம் அன்றைக்கு லீக் ஆட்டக்காரர்கள் பலருக்குக் கிடையாது.

ஆனால் டிரிபிளிங் நன்றாக இருந்தது. தனி ஆளாக மூன்று பேரைத் தாண்டிப் போக ஆசைப்பட்டால் யாரும் தடுக்க மாட்டார்கள். இப்போதைய பயிற்சியாளர் உட்காரவைத்துவிடுவார்.

பெண்கள் ஆட்டம் பார்க்க வந்தார்களா?

கேலரியில் பார்த்த நினைவே இல்லை. அத்தை ஒரே ஒரு தடவை வந்தார், மாம்பழத்தைக் கண்காணிக்க.

எப்போது போவதை நிறுத்தினீர்கள்?

ஒரே நாளில் நிறுத்தவில்லை. கல்யாணம், கடை, பிள்ளைகள் என்று இடைவெளி விழுந்தது. 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையில் பெங்களூரில் தமிழர்கள் மேல் கலவரம் வெடித்தது. பஸ்கள் எல்லையோடு நின்றன. மாமா குடும்பத்தோடு கிருஷ்ணகிரிக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கினார். கேலரியில் எனக்குக் கடலை நீட்டிய கன்னடக்காரர் ஒருவர்தான், மாமாவின் பக்கத்து மெஷின்காரர், அவர்களை ஓசூர் ரோடுவரை கொண்டுவந்து விட்டிருக்கிறார். அது அடங்கிய பிறகு மாமா வேலைக்குத் திரும்பினார். ஆட்டத்துக்கு என்னை அழைப்பது மட்டும் குறைந்துவிட்டது. நானும் கேட்கவில்லை.

அந்த டீம் என்ன ஆனது?

டீமுக்கு முன்னால் தொழிற்சாலைக்கு என்ன ஆனது என்று பார்க்கவேண்டும். தொண்ணூறுகளில் பொருளாதாரக் கதவுகள் திறந்தன. போன் கருவி செய்ய வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்தன. பின்னாலேயே செல்போனும் வந்தது. கறுப்பு டயல் போனை யார் வாங்குவார்? ஆர்டர் குறைந்தது, புது ஆள் எடுப்பது குறைந்தது. புது ஆள் எடுக்காத தொழிற்சாலைக்குப் புது சென்டர் ஃபார்வர்டு எங்கிருந்து வருவார்? இருக்கிற ஆட்டக்காரர்களுக்கு வயது மட்டும் ஏறியது.

இன்னொரு பக்கம் ஆட்டமே தொழிலாக மாறியது. 1996இல் தேசிய லீக் வந்தது. 2007இல் அது ஐ-லீக் ஆனது. சொந்த மைதானம், இளையோர் அணி, தனிக் கம்பெனி, கோடிக்கணக்கில் பணம் என்று கேட்க ஆரம்பித்தார்கள். சம்பளப் பட்டியலில் ஆட்டக்காரரை வைத்திருந்த டீம்களால் அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை. விமானத் தொழிற்சாலை டீம் 2012வரை ஐ-லீகில் தாக்குப்பிடித்துப் பார்த்துவிட்டு இறங்கியது. முதல் தேசிய லீகையே வென்ற ஜே.சி.டி. 2011இல் கலைந்தது. பணக்கார மஹிந்திரா யுனைடெட்கூட 2010இல் மூட்டை கட்டியது. பெரிய டீம்கள் கலைந்தபோது பேப்பரில் செய்தி வந்தது. எங்களுடையது மெல்ல மெல்லக் கீழே இறங்கியதால், கடைசியாக ஒரு ஆட்டம் என்று சொல்லிக்கொண்டு போய்ப் பார்க்கக்கூட நாள் கிடைக்கவில்லை.

இப்போது பெங்களூரு எஃப்.சி. இருக்கிறதே, அதை ஆதரிக்கலாமே?

ஆதரிக்கிறோம், பாதி மனதாக. 2013இல் தொடங்கி முதல் சீசனிலேயே ஐ-லீக் வென்றது சாதாரண விஷயமா? ஆரம்பத்தில் அவர்கள் ஆடியதும் எங்கள் பழைய அசோக்நகர் ஸ்டேடியத்தில்தான். பேரனோடு ஒரு தடவை போனேன். பிளாஸ்டிக் புல். முப்பது வருஷத்துக்குப் பிறகு அதே கேட்டில் நுழைந்ததும் கண் தானாக மாமாவைத் தேடியது. கூட்டம் நன்றாகப் பாடியது, ஒருவரும் உருதில் திட்டவில்லை. நீலச் சட்டை ஒன்று வாங்கிக் கொடுத்தான். வீட்டில் போட்டுக்கொள்கிறேன்.

2023இல் கர்நாடகம் ரியாத்தில் மேகாலயாவை 3-2 என்று வென்று சந்தோஷ் டிராபி எடுத்தபோதுதான் பழைய பித்து கொஞ்சம் திரும்பியது. 54 வருஷத்துக்குப் பிறகு. ஓசூர்க்காரர் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். 54 வருஷத்தில் அதுவும் முதல் தடவைதான்.

பழைய டிக்கெட், போட்டோ, ஜெர்சி ஏதாவது வைத்திருக்கிறீர்களா?

ஜெர்சி விற்கும் வழக்கம் அப்போது கிடையாது. போட்டோ எடுக்க எங்களிடம் கேமரா இல்லை. டிக்கெட்டில் மாமா கணக்குப் போட்டுக் கிழித்துவிடுவார்.

ஒன்று இருக்கிறது. புளி மண்டியை மூடியபோது அப்பா அந்தக் கறுப்பு போனைக் கேட்டு வாங்கி வந்துவிட்டார். லைன் இல்லை, டயல் மட்டும் சுழலும். கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஐ.டி.ஐ. என்ற எழுத்து தெரியும். பேரன் எட்டாம் எண்ணில் விரலை விட்டுச் சுழற்றிவிட்டு, டயல் திரும்பி வரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பான். மாமா கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது அதைக் கையில் எடுத்து எடை பார்த்தார். "இது நம்ம லைன்ல போனது" என்றார். எதை வைத்துச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

சரி, அந்த மழை கோல் ஆஃப்சைடா இல்லையா?

கோல்தான். ரெஃப்ரியே கொடுத்துவிட்டார், அப்புறம் என்ன?